எம்.பி.ஏ.வுக்கு முன் என்ன படிப்பது? டர்பன் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சாப்பாட்டு வாளிகள் உள்ளே போனதும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள எங்கள் கோயில் மண்டபத்தின் ஓரமாக ஒரு மேசையைப் போட்டு உட்காருவேன். துறைமுகத்தை ஒட்டிய சரக்கு நிறுவனம் ஒன்றில் ஆள் எடுக்கும் பிரிவில் இருபது ஆண்டுகள் இருந்தவன் என்பதால் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்க வருகிறார்கள். கேள்வியைத் தமிழில் தொடங்குவது ஆயா. நடுவில் ஆங்கிலத்துக்கு மாற்றுவது அம்மா. கைப்பேசியைப் பார்த்தபடி நிற்பது பேரன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். படித்துவிட்டுப் பேரனுக்கு அவனுக்குப் புரியும் மொழியில் சொல்லிக்கொள்ளுங்கள்.

எம்.பி.ஏ. படிக்க வேண்டுமானால் இளங்கலையில் வணிகம்தான் படித்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. எம்.பி.ஏ. வகுப்பில் போய் உட்கார்ந்து பாருங்கள்: மருந்தாளுநர் ஒருவர், சுரங்கப் பொறியாளர் ஒருவர், வழக்கறிஞர், தாதி, பள்ளித் துணைத் தலைமையாசிரியர், வங்கிக்காரர் இருவர். வேறு தொழிலில் வளர்ந்து, இப்போது ஆட்களையும் பணத்தையும் மேய்க்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டவர்களுக்காக ஏற்பட்ட படிப்பு அது. தென்னாப்பிரிக்காவில் அது புதிதும் அல்ல. பிரிட்டோரியா பல்கலைக்கழகம் 1949லேயே தொடங்கிவிட்டது.

அப்படியானால் எந்தப் பட்டம் இருந்தாலும் போதுமா?

இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்தவன்.

இந்த நாட்டில் ஒவ்வொரு படிப்பும் தேசியத் தகுதிச் சட்டகத்தில் ஒரு படியில் நிற்கிறது. மொத்தம் பத்துப் படிகள். மேட்ரிக், அதாவது பன்னிரண்டாம் கிரேடு இறுதித் தேர்வு, நான்காவது. மூன்றாண்டு டிப்ளமோ ஆறாவது. பி.காம்., பி.ஏ., பி.எஸ்சி. போன்ற மூன்றாண்டுப் பட்டங்கள் ஏழாவது. அதன்மேல் ஓர் ஆண்டு படிக்கும் ஹானர்ஸும் முதுநிலை டிப்ளமோவும் எட்டாவது. முதுகலை ஒன்பது, முனைவர் பட்டம் பத்து. எம்.பி.ஏ. ஒன்பதாம் படியில் இருக்கிறது. ஆகவே அதற்குள் நுழைபவர் எட்டாம் படியில் நின்றுகொண்டிருக்க வேண்டும். மூன்றாண்டுப் பட்டதாரி நிற்பது ஏழில். நடுவில் ஒரு படி குறைகிறது.

முன்பு இவ்வளவு கண்டிப்பு இல்லை. மூன்றாண்டுப் பட்டத்தோடும் சில ஆண்டு அனுபவத்தோடும் நேரே எம்.பி.ஏ.வில் சேர்ந்தவர்கள் என் வயதுக்காரர்களில் நிறையப் பேர். 2016 வாக்கில் புதிய ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அது தெரியாமல் அடுத்த ஆண்டு நான் ஒரு வணிகப் பள்ளியின் சேர்க்கை அலுவலகத்துக்குப் போனேன். கையில் பி.காம். சான்றிதழ், பதினைந்து ஆண்டு அனுபவக் கடிதம், முதல் தவணைக்கான பணம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என் மதிப்பெண் பட்டியலைத் திருப்பி, அதன் கீழ் மூலையில் சிறிய எழுத்தில் இருந்த ஏழு என்ற எண்ணைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த எண்ணை அதுவரை நான் கவனித்ததே இல்லை. பிறகு முதுநிலை டிப்ளமோவை மாலை வகுப்பில் முடித்துவிட்டுத்தான் மீண்டும் அந்த வாசல் ஏறினேன்.

ஆகவே பிள்ளை எந்தப் பாடத்தை எடுக்கப்போகிறான் என்று கேட்பதற்கு முன், அந்தப் பாடம் அவனை எந்தப் படியில் கொண்டுபோய் விடும் என்று கேளுங்கள். பாடத்தை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

நான்கு ஆண்டுப் பட்டம் என்றால் எட்டாம் படிதானே?

பெரும்பாலும் ஆம். பொறியியலில் பி.எஸ்சி., நான்காண்டு எல்.எல்.பி., பி.ஃபார்ம்., சமூகப்பணிப் பட்டம், கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு வணிக அறிவியல் பட்டம் எல்லாம் எட்டில் முடிகின்றன. ஆனால் ஆசிரியர் பயிற்சிக்கான பி.எட். நான்காண்டுதான் என்றாலும் ஏழிலேயே நிற்கிறது. நம் வீடுகளில் ஆசிரியர்கள் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆண்டுகளை எண்ணாதீர்கள், சான்றிதழில் உள்ள எண்ணைப் பாருங்கள்.

மூன்றாண்டுப் பட்டத்துக்குப் பிறகு ஹானர்ஸ் நல்லதா, முதுநிலை டிப்ளமோ நல்லதா?

இரண்டும் ஒரே படி, இரண்டும் 120 கிரெடிட். 1,200 மணி நேர உழைப்பு என்று கணக்கு. ஹானர்ஸ் நீங்கள் எடுத்த முதன்மைப் பாடத்தையே இன்னும் ஆழமாகத் தோண்டுவது. அதில் சேர, மூன்றாம் ஆண்டில் அந்தப் பாடத்தில் 60 விழுக்காடு அளவில் வாங்கியிருக்க வேண்டும் என்று பல துறைகள் கேட்கின்றன. முதுநிலை டிப்ளமோ வேலை செய்பவர்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. வணிக நிர்வாகத்தில் எடுத்தால் எம்.பி.ஏ.வின் அரிச்சுவடியாகவும் ஆகிவிடுகிறது. வரலாறு படித்தவர், உயிரியல் படித்தவர் இந்த வழியாக வருவதுதான் வசதி. வணிகம் படித்தவர் மறுபடியும் வணிக டிப்ளமோவில் உட்கார்ந்தால் பாதி வகுப்பில் கொட்டாவி வரும். எனக்கு வந்தது.

பி.காம். மேனேஜ்மென்ட் எடுத்தால் எம்.பி.ஏ. எளிதாகிவிடாதா?

எளிதாகத்தான் ஆகும். அதனாலேயே வேண்டாம் என்கிறேன்.

எம்.பி.ஏ.வில் நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம், உத்தி, பொருளாதாரம் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுக்கொண்டு போவார்கள். மேனேஜ்மென்ட் இளங்கலையிலும் அதேதான். ஒரே சாம்பாரை இரண்டு முறை காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுவதுபோல. இருபத்தொரு வயதில் வேலை கேட்டு வரும் பையனிடம் “உனக்கு என்ன தெரியும்?” என்று நாங்கள் கேட்போம். கணக்கு எழுதத் தெரியும், புள்ளிவிவரத்தை அலசத் தெரியும், நிரல் எழுதத் தெரியும், சுங்க விதி தெரியும் என்று ஏதாவது ஒன்றைச் சொல்பவனுக்கு மேசை கிடைத்தது. “நிர்வாகம் படித்திருக்கிறேன்” என்றவன் நிர்வகிக்க எங்களிடம் யாரும் இல்லை. அவன் கீழிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

முதல் பட்டம் சோறு போட வேண்டும். கையில் ஒரு தொழிலைக் கொடுக்கும் பாடம் எதுவோ அதை எடுங்கள். அதே பி.காம்.க்குள்ளேயே கணக்கியல், நிதி, பொருளியல், தகவல் அமைப்பு, விநியோகச் சங்கிலி என்று கூர்மையான முதன்மைப் பாடங்கள் இருக்கின்றன. வீட்டில் கடை இருந்து, பையன் நாளைக்கே கல்லாவில் உட்காரப்போகிறான் என்றால் மட்டும் நான் மேனேஜ்மென்ட்டுக்குத் தலையாட்டுவேன். அவனுக்குத் தொழில் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

எம்.காம். பற்றி யாரும் சொல்வதே இல்லையே?

எம்.பி.ஏ. என்ற மூன்றெழுத்தின் சத்தத்தில் மற்றவை காதில் விழுவதில்லை. எம்.காம். முற்றிலும் வேறு வழி. அதில் முதன்மைப் பாடம்தான் எல்லாம். நிதியில் எம்.காம். வேண்டுமென்றால் நிதியில் ஹானர்ஸ் வேண்டும். அந்த ஹானர்ஸுக்கு இளங்கலையில் நிதி முதன்மைப் பாடமாக இருந்திருக்க வேண்டும். பதினெட்டு வயதில் எடுத்த முடிவு இருபத்து மூன்று வயதில் வந்து கதவைத் திறக்கிறது அல்லது சாத்துகிறது. வங்கியில் ஆய்வு வேலை, பொருளாதார ஆலோசனை, பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் இவற்றில் ஆசை உள்ள பிள்ளைக்கு இதுவே சரியான பாதை. அனுபவம் கேட்பதில்லை, படிப்பை நிறுத்தாமல் தொடரலாம்.

யுனிசா என்ற தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் வணிகத் தலைமைப் பள்ளி தரும் எம்.பி.எல். (வணிகத் தலைமையில் முதுகலை) பட்டமும் உண்டு. அது எம்.பி.ஏ.வின் உடன்பிறப்பு.

சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் ஆகிவிட்டால் எம்.பி.ஏ. தேவையா?

அவசரமாகத் தேவையில்லை. கணக்கியலில் பி.காம். மூன்று ஆண்டு, அதன்மேல் கணக்கியல் முதுநிலை டிப்ளமோ ஓர் ஆண்டு, பிறகு பயிற்சி ஒப்பந்தம் மூன்று ஆண்டு, இடையில் இரண்டு தொழில்முறைத் தேர்வுகள். குறைந்தது ஏழு ஆண்டு. வெளியே வருபவர் ஏற்கெனவே எட்டாம் படியில் இருக்கிறார், சம்பளமும் வாங்குகிறார். நாற்பது வயதில் நிதித் தலைவர் நாற்காலியிலிருந்து முதன்மை நிர்வாகி நாற்காலிக்கு நகரப் பார்க்கும்போது எம்.பி.ஏ.வைப் பற்றி யோசிக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. எல்லாக் கணக்கியல் பி.காம்.களும் இந்தப் பாதையில் ஏற்றிவிடுவதில்லை. தென்னாப்பிரிக்கச் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் கழகம் அங்கீகரித்த படிப்பா என்று சேரும் முன்பே கேளுங்கள். “கணக்கியல்” என்று பெயரில் இருந்தால் மட்டும் போதாது.

பொறியியல் எடுத்துவிட்டுப் பிறகு எம்.பி.ஏ.வுக்குப் போவது வீண் அல்லவா?

வீணே இல்லை. எட்டாம் படி கிடைக்கிறது, கணிதப் பயம் போகிறது, தொழில் கையில் இருக்கிறது. ஆனால் எம்.பி.ஏ.வுக்கு வழி என்பதற்காக மட்டும் பொறியியலில் நுழையாதீர்கள். நான்காண்டுப் படிப்பு பலருக்கு ஐந்து, ஆறு என்று இழுக்கிறது. நடுவில் விட்டவர்கள் கையில் எந்தப் படியும் இல்லை. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மூன்றாண்டுப் பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் ஏழாம் படி என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் ஒன்றுபோல இருக்கும்; எண் வேறு.

மகள் உளவியல் படிக்க வேண்டும் என்கிறாள். அப்பா எம்.பி.ஏ. படிக்கச் சொல்கிறார். சண்டையாக இருக்கிறது.

சண்டைக்கே இடமில்லை, இரண்டும் நடக்கும். உளவியலில் ஹானர்ஸ் வரை போனால் எட்டாம் படி. ஆள் எடுப்பது, பயிற்சி கொடுப்பது, நுகர்வோர் ஆய்வு என்று வேலை தேடலாம். எம்.பி.ஏ.வில் அவளுக்கு நிதியும் புள்ளியியலும் கடினமாக இருக்கும். அதற்கு இளங்கலையில் ஒரு புள்ளியியல் தாளையும் ஒரு கணக்கியல் தாளையும் விருப்பப் பாடமாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

வரலாறு, இலக்கியம் போன்ற கலைப் பாடங்களைப் பற்றி நம்மவர்களிடம் ஓர் இளக்காரம் உண்டு. எம்.பி.ஏ. ஒன்பதாம் படியில் இருப்பதால் அதில் ஆய்வுப் பகுதி கட்டாயம். 180 கிரெடிட்டில் குறைந்தது கால் பங்கு. அந்த ஆய்வறிக்கையில்தான் பலர் ஆண்டுக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள். எண்களில் புலியாக இருந்த பொறியாளர் நண்பர் ஒருவர் பாடங்களையெல்லாம் ஒன்றரை ஆண்டில் முடித்துவிட்டு, அறிக்கையின் இரண்டாம் அத்தியாயத்தோடு மூன்று ஆண்டு மல்லுக்கட்டினார். வரலாறோ இலக்கியமோ படித்தவர்களுக்கு அந்த வேலை பழக்கமானது.

தமிழ் படிக்கலாமா என்று ஒரே ஒரு பாப்பா கேட்டாள். அரசியல் சாசனத்தின் ஆறாம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மேட்ரிக்கில் இரண்டாம் கூடுதல் மொழியாகவும் எழுதலாம். பல்கலைக்கழகத்தில் அதை முதன்மைப் பாடமாக எடுக்கும் வழியைத் தேடுவதுதான் கஷ்டம். நம் ஊரிலிருந்த இந்திய மொழிகள் துறை மூடிப் பல காலம் ஆகிறது. அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

பேத்தி பத்தாம் கிரேடு. கணிதத்தை விட்டுவிட்டுக் கணித எழுத்தறிவுக்கு (அன்றாடக் கணக்கை மட்டும் கற்பிக்கும் எளிய பாடம்) மாறச் சொல்கிறார்கள். மாறலாமா?

பட்டத்தைத் தேர்ந்தெடுப்பது பல்கலைக்கழக வாசலில் அல்ல, இந்த இடத்தில்தான்.

போன ஆண்டு ஒரு சிறுமி ஜூன் தேர்வு அறிக்கையை மடித்து எடுத்து வந்தாள். கணிதம்: 38. பக்கத்தில் சிவப்பு மையில், “கணித எழுத்தறிவுக்கு மாறப் பரிந்துரை.” கணிதத்தில் 30 எடுத்தாலே தேர்ச்சிதான், ஆகவே அவள் தேறியிருக்கிறாள். பிறகு ஏன் மாற வேண்டும்? எழுத்தறிவுப் பாடத்தில் 75 எடுப்பாள், அறிக்கை அழகாக இருக்கும். ஆனால் அந்த 75ஐ எடுத்துக்கொண்டு போனால் பெரும்பாலான பி.காம். வாசல்கள் திறக்காது, பொறியியலும் கணினி அறிவியலும் நிச்சயமாகத் திறக்காது. கணிதத்தில் நான்காம் நிலை, அதாவது 50 முதல் 59 வரை, வாங்கியவருக்குப் பல இடங்களில் பி.காம். கிடைக்கிறது. கணக்கியல், நிதி போன்றவற்றுக்கு 60க்கு மேல் கேட்கிறார்கள்.

கீழே இறங்குவது ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும். திரும்ப ஏறுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆகவே அந்தப் பரிந்துரையில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். சனிக்கிழமை டியூஷன் வைத்து இரண்டு பள்ளிப் பருவம் பாருங்கள். எங்கே தடுமாறுகிறாள் என்று அந்தச் சிறுமியின் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். இயற்கணிதத்தில் கழித்தல் குறியை அடைப்புக்குறிக்குள் கொண்டுபோகும்போது மாற்ற மறக்கிறாள். பக்கம் பக்கமாக அதே பிழை. முப்பத்தெட்டுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் நின்றது பெரும்பாலும் அந்த ஒரு கோடு.

உண்மையாகவே கணிதம் வராத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை வதைக்க வேண்டாம். சட்டம், சமூகப்பணி, ஊடகம் என்று வேறு வழிகளில் எட்டாம் படிக்குப் போக முடியும்.

மேட்ரிக் மதிப்பெண் குறைவு, டிப்ளமோதான் கிடைக்கிறது. எம்.பி.ஏ. கனவை மறந்துவிட வேண்டியதுதானா?

மறக்க வேண்டாம், சுற்றுவழி. டிப்ளமோ ஆறு, ஓர் ஆண்டு உயர்நிலை டிப்ளமோ, அது ஏழு, முதுநிலை டிப்ளமோ எட்டு, பிறகு எம்.பி.ஏ. ஐந்து ஆண்டுகளில் எட்டாம் படி வந்துவிடும். பட்டமே இல்லாமல் நீண்ட அனுபவத்தை மட்டும் கொண்டு, முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழியில் நுழைபவர்களும் உண்டு. அதற்கான இடங்கள் மிகக் குறைவு, கோப்பு தயாரிக்கவே மாதக்கணக்கில் ஆகும். அதை நம்பிப் படிப்பை விடாதீர்கள்.

பட்டம் முடித்த கையோடு எம்.பி.ஏ. சேரலாமா?

இங்குள்ள நல்ல வணிகப் பள்ளிகள் குறைந்தது மூன்று ஆண்டு வேலை அனுபவமாவது கேட்கின்றன. கேட்காவிட்டாலும் போகாதீர்கள். வகுப்பில் பாதிப் பாடம் பக்கத்து நாற்காலிக்காரரின் அனுபவத்திலிருந்து வருகிறது. நம்மிடம் கொடுக்க ஒன்றும் இல்லாமல் வாங்கிக்கொண்டே இருக்க முடியாது.

வணிகப் பள்ளிச் சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வு எழுத வேண்டுமா?

சில பள்ளிகள் கேட்கின்றன, சில சொந்தத் தேர்வு வைக்கின்றன. வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் தயாராக இருப்பது நல்லது. இப்போதைய தேர்வு இரண்டே கால் மணி நேரம், மூன்று பகுதிகள். மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். நீங்கள் எந்தப் பாடம் படித்தீர்கள் என்பது அதற்குத் தேவையில்லை, பள்ளிக் கணிதம் மறக்காமல் இருக்க வேண்டும்.

பணத்துக்கு என்ன செய்வது?

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000 ராண்டுக்குள் இருந்தால் முதல் இளங்கலைப் படிப்புக்கு அரசின் மாணவர் நிதித் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். எம்.பி.ஏ.வுக்கு அது வராது. ஆகவே முதல் பட்டத்தில் நான்காண்டுப் படிப்பைத் தேர்ந்தெடுத்து எட்டாம் படிவரை அந்த நிதியிலேயே போய்விடுவது கெட்டிக்காரத்தனம். மூன்றாண்டுப் பட்டம் எடுத்தவர் அந்த ஒரு படிக்குத் தன் பையிலிருந்து செலவழிக்க வேண்டிவரலாம்.

எம்.பி.ஏ.வை முடிந்தவரை வேலை கொடுப்பவரின் பணத்தில் படியுங்கள். ஆண்டுச் சம்பளப் பட்டியல் 500,000 ராண்டைத் தாண்டும் நிறுவனங்கள் அதில் ஒரு விழுக்காட்டைத் திறன் மேம்பாட்டு வரியாகக் கட்டுகின்றன. ஊழியரைப் படிக்கவைத்தால் அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற வழி உண்டு. ஆகவே மேலாளரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். படித்து முடித்தபின் எத்தனை ஆண்டு அங்கேயே இருக்க வேண்டும் என்ற வரியை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

மருமகள் தமிழ்நாட்டில் பி.காம். முடித்து வந்தவள். இங்கே செல்லுமா?

தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையத்திடம் சான்றிதழ்களைக் கொடுத்து மதிப்பீடு வாங்க வேண்டும். அவர்கள் எந்தப் படிக்கு நிகர் என்று எழுதித் தருகிறார்களோ அதுதான் கணக்கு. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்களையும் எடுத்து வரச் சொல்லுங்கள். சென்னைக்கு ஆள் அனுப்பி ஒரு தாள் வாங்குவது டர்பனிலிருந்து பெரும்பாடு.

தாத்தா காலத்தில் டாக்டர், வக்கீல், வாத்தியார் என்றுதானே படித்தார்கள்? இதெல்லாம் எதற்கு?

நிறவெறி ஆட்சி நடந்த தாத்தா காலத்தில் தேர்ந்தெடுக்க என்ன இருந்தது? 1961இல் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய கல்லூரி டர்பன் துறைமுகத்து சாலிஸ்பரி தீவில் திறந்தது. என் பெரியப்பா படகில் ஏறிப் போய்த்தான் படித்தார். நிறுவனங்களில் மேலாளர் நாற்காலி நமக்குக் கிடையாது என்பதால் யாரையும் அண்டாத தொழில்களை அவர்கள் தேடினார்கள். அந்தக் கல்லூரி பிறகு வெஸ்ட்வில் குன்றுக்குப் போனது, 2004இல் நாட்டால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இன்றைய குவாசூலு-நாட்டால் பல்கலைக்கழகம் ஆனது. அதன் வணிகப் பள்ளி இருப்பது அதே வெஸ்ட்வில் வளாகத்தில். டாக்டராகப் போகட்டும், தடையில்லை. மருத்துவமனையை நடத்தும் டாக்டர்களும் எம்.பி.ஏ. வகுப்பில் வந்து உட்காருகிறார்கள்.

செப்டம்பர் வந்துவிட்டது, பையன் இன்னும் எதையும் முடிவு செய்யவில்லை. என்ன செய்வது?

நம் மாகாணத்தில் மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாக ஆறு விருப்பங்கள் கொடுக்கலாம். வழக்கமாகச் செப்டம்பர் 30 கடைசி நாள், மருத்துவத்துக்கு அதற்கும் முன்பே. ஆறையும் ஒரே பாடத்தில் நிரப்பாதீர்கள். இரண்டு ஆசைக்கு, இரண்டு மதிப்பெண்ணுக்கு ஏற்றபடி, இரண்டு பாதுகாப்புக்கு. முதல் ஆண்டில் பொதுவாக இருந்து இரண்டாம் ஆண்டில் முதன்மைப் பாடத்தை முடிவு செய்யவிடும் பி.காம். அல்லது பி.எஸ்சி. அதில் ஒன்றாக இருக்கட்டும்.

போன மாதம் அப்படி ஒரு பையனோடு உட்கார்ந்து நிரப்பினோம். முதல் மூன்று கட்டங்களையும் அவன் அம்மா சொன்னார், நான் எழுதினேன். நான்காவதற்கு வந்தபோது அவன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “அங்கிள், புள்ளியியல் என்று ஒன்று இருக்கிறதா?” என்று கேட்டான். மேலே எழுதியிருந்த மூன்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம்.